மெர்சிடிஸ் ஈ-கிளாஸ்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிப்பது

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஓடும் ஈ-கிளாஸ் வண்டிகளில் பல பெங்களூரில் முதல் கை ஓடி, ஓசூர் வழியாக இரண்டாம் கை, மூன்றாம் கையாக வந்தவை. வண்டி நல்ல வண்டிதான். பழுது வந்தால்தான் சிக்கல். உள்ளூர்ப் பட்டறையில் கைவைக்கத் தயங்குவார்கள், பெங்களூரில் நீளமான எஸ்டிமேட் கொடுப்பார்கள். அந்த எஸ்டிமேட்டுக்குத் தலையாட்டும் முன் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடக்கூடியவை நிறைய இருக்கின்றன. அவற்றை அறிகுறிவாரியாக இங்கே எழுதியிருக்கிறோம்.

எதற்கும் முன்னால் எந்தத் தலைமுறை வண்டி என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரே அறிகுறிக்கு 211 என்ற தலைமுறை எண் கொண்ட வண்டியில் ஒரு காரணம், 212-இல் வேறு காரணம். இந்த இடத்தில் தவறினால்தான் தேவையில்லாத பார்ட்ஸுக்குப் பணம் போகிறது.

எந்த வண்டி, எந்த என்ஜின்

17 எழுத்து சேசிஸ் எண்ணில் 4 முதல் 6-ஆம் இடம் வரை பெரும்பாலும் 211, 212 அல்லது 213 என்று இருக்கும். 211 என்பது 2002 முதல் 2009 வரை வந்தது. அதில் 2006 ஃபேஸ்லிஃப்டுக்கு (அதே தலைமுறையில் செய்த இடைக்கால மாற்றத்துக்கு) முன், பின் என்ற பிரிவு மிக முக்கியம், ஏன் என்பது பிரேக் பகுதியில் வரும். 212 வந்தது 2009 முதல் 2016 வரை. 213 இந்தியாவுக்கு 2017-இல் நீள வீல்பேஸுடன் (முன், பின் சக்கரங்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம்) வந்தது: 3,079 மி.மீ., அதாவது வெளிநாட்டுச் சாதாரண 213-ஐ விட 140 மி.மீ. கூடுதல். பின் கதவு, கூரை, பின் கண்ணாடி எல்லாம் இதனால் மாறும். வெளியிலிருந்து பார்ட்ஸ் வரவழைக்கிறவர்கள் சேசிஸ் எண் கொடுக்காமல் ஆர்டர் போடவே கூடாது.

என்ஜினை ஆர்சி-யில் உள்ள சிசி-யே சொல்லிவிடும். டீசலில் 2148 என்றால் 211-இன் ஓஎம் 646 ('ஓஎம்' மெர்சிடிஸ் டீசல் என்ஜின்களின் குறியீடு). 2143 என்றால் 212-இன் ஓஎம் 651, அதாவது ஈ 220 சிடிஐ அல்லது ஈ 250 சிடிஐ. 2987 என்றால் வி6 ஓஎம் 642. 1950 என்றால் 213-இன் ஈ 220டி-யில் வரும் ஓஎம் 654. பின்னால் ஒட்டியிருக்கும் பேட்ஜை நம்ப வேண்டாம், பேட்ஜ் மாற்றுவது ஐந்து நிமிட வேலை.

கையில் ஒரு மல்டிமீட்டரும், மெர்சிடிஸின் எல்லா மாட்யூலையும் (வண்டிக்குள் உள்ள சின்னக் கம்ப்யூட்டர்கள்) படிக்கும் ஸ்கேனரும் வேண்டும். சில நூறு ரூபாய் புளூடூத் டாங்கிள் என்ஜினின் பழுதுக் கோடை மட்டும் காட்டும். கியர்பாக்ஸ், பிரேக், ஏர் சஸ்பென்ஷன் கோடுகளை அது தொடாது. கோடுகளை அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள், அல்லது போனில் படம் எடுத்து வையுங்கள். கேட்காமலே அழித்துவிட்டு 'இப்போ லைட் போயிடுச்சு சார்' என்று சொல்லும் பட்டறையில், பழுதைப் பிடிக்கத் தேவையான தடயமும் சேர்ந்தே அழிந்திருக்கும்.

சாவி போட்டால் எதுவுமே நடக்கவில்லை

முதலில் இரண்டு நிலைகளைப் பிரித்துப் பாருங்கள். மீட்டர் போர்டு எரிகிறது, ஆனால் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் அது ஒரு வகை. சாவியைத் திருப்பியும் மீட்டர் போர்டே எரியவில்லை என்றால் வேறு வகை.

முதல் வகையில் பேட்டரியை அளந்து பாருங்கள். வண்டி ஓரிரவு ஓய்ந்த பிறகு 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ். ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி முடிந்தது. என்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.7-க்கும் நடுவில் வர வேண்டும். பழையதில் ஏஜிஎம் பேட்டரி (ஆசிட் சிந்தாத மூடிய வகை) இருந்தால் ஏஜிஎம்மே போடுங்கள். டிக்கிக்குள் பேட்டரி இருக்கும் வண்டியில் சாதாரண ஆசிட் பேட்டரி வைத்தால் அதன் வாயு உள்ளேயே தங்கும், சார்ஜிங் கணக்கும் ஒத்துப்போகாது. ஜம்ப் கொடுக்கும்போது பானெட்டுக்குள் சிவப்பு மூடி போட்ட முனையில் கொடுங்கள்.

புது பேட்டரி போட்டும் மூன்று நாளில் இறங்குகிறதென்றால் எங்கோ மின்சாரம் கசிகிறது. பானெட்டையும் கதவையும் திறந்து, பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மடக்கி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். சாவியைத் தூரமாக வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். பிறகு நெகட்டிவ் கேபிளில் டிசி கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் ஃபியூஸ் ஒவ்வொன்றின் முனையிலும் மில்லிவோல்ட் அளந்து தேடுங்கள். ஃபியூஸைப் பிடுங்கித் தேடினால் தூங்கிய மாட்யூல் விழித்துக்கொண்டு கணக்கு கெட்டுவிடும்.

இரண்டாம் வகை 212-இல் பேர்போன கோளாறு. சாவியைச் செருகியதும் ஸ்டியரிங் தண்டிலிருந்து 'டிர்ர்' என்று ஒரு சின்ன மோட்டார் சத்தம் வர வேண்டும். அது வராமல் போர்டும் இருட்டாக இருந்தால், ஸ்டியரிங்கைப் பூட்டும் மின் பூட்டுக்குள் இருக்கும் மோட்டார் தேய்ந்துவிட்டது. சாவியின் செல்லைச் சந்தேகிக்க வேண்டாம். துளைக்குள் செருகிய சாவிக்கு அந்தத் துளையே மின்சாரம் கொடுக்கும். அவசரத்துக்கு ஒரு வழி உண்டு: சாவியைத் திரும்பத் திரும்பச் செருகிக்கொண்டே ஸ்டியரிங் தண்டின் அடிப்பகுதியைப் பிளாஸ்டிக் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். ஒருமுறை திறந்துவிட்டால் சாவியை உருவாமல் நேராகப் பட்டறைக்குப் போங்கள். திறந்த நிலையில் பிடித்தால் வேலை சுலபம். பூட்டிய நிலையில் முழுதாக நின்றுவிட்டால் தண்டையே அறுக்க வேண்டி வரலாம். இந்தச் சத்தம் ஒரு நாள் வந்து ஒரு நாள் வராமல் இருந்தாலே தள்ளிப்போடாதீர்கள்.

போர்டில் ஏகப்பட்ட விளக்குகள் ஒன்றாக எரிகின்றன

ஏபிஎஸ், ஈஎஸ்பி, ஏர்பேக், ஸ்டியரிங் என்று ஒரே நேரத்தில் எல்லாமே கெட்டுப்போகாது. முக்கால்வாசி வோல்டேஜ் குறைவுதான், அல்லது தண்ணீர்.

மழைக்குப் பிறகு வந்தால் தண்ணீரைத் தேடுங்கள். வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இரு பக்கமும் வடிகால் துளை உண்டு. புளிய மரத்தடியிலோ மாந்தோப்பிலோ நிறுத்தும் வண்டியில் புளிய இலையும் மாம்பூவும் சேறாகி அந்தத் துளையை அடைத்துவிடும். தேங்கிய தண்ணீர் ஃபியூஸ் பெட்டியோடு சேர்ந்து மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் சாம் மாட்யூல் பக்கமாக இறங்கும். மாம்பூ உதிர்ந்த பிறகு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை இலையை அள்ளிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடனே சக்கரத்தின் பின்னால் கீழே ஒழுக வேண்டும். 211-இல் டிக்கிக்குள்ளும் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், டெயில் லேம்ப் ரப்பர் வழியாக இறங்கும் தண்ணீர் பின் சாமைக் கெடுக்கும். பச்சை பூத்த பின்களைச் சுத்தம் செய்வதே சில நேரம் போதும். நேராக மாட்யூலை மாற்றச் சொன்னால் பின்களைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

பிக்கப் இல்லை, 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டவில்லை

டர்போ போய்விட்டது என்று யார் சொன்னாலும், ஹோஸைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் ஏறும்போது 'உஸ்' சத்தத்தோடு பின்னால் கறுப்புப் புகை வந்தால் டர்போவுக்கும், அது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் இடையே காற்று கசிகிறது. இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்கும், அல்லது ஹோஸின் அடிப்பக்கம் கிழியும். எண்ணெய்க் கறை தடம் காட்டும். கையை விட்டுத் தடவிப் பாருங்கள், அடிப்பக்கக் கிழிசல் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது சென்சார். என்ஜினை ஓட்டாமல் சாவி மட்டும் போட்டு, ஸ்கேனரில் பூஸ்ட் அழுத்தத்தையும் வெளிக்காற்று அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். தருமபுரியில் சுமார் 955 ஹெக்டோ பாஸ்கல், ஓசூர் உயரத்தில் சுமார் 910. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமென்றால் பொய் சொல்வது சென்சார், டர்போ அல்ல.

பிறகு டிபிஎஃப், அதாவது புகைக்குழாயில் கரியைப் பிடித்து அவ்வப்போது எரிக்கும் வடிகட்டி. பெங்களூர் டிராஃபிக்கில் சின்னச் சின்ன ஓட்டமாக ஓடிய வண்டியில் கரி எரிந்து தீர நேரமே கிடைத்திருக்காது. எரிப்பு பாதியில் நின்றால் கூடுதலாகத் தெளித்த டீசல் என்ஜின் ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் இதுதான் காரணம். அந்த ஆயிலோடு ஓட்டாமல் மாற்றிவிடுங்கள். ஓஎம் 651-க்கு 6.5 லிட்டர், சாம்பல் குறைந்த எம்பி 229.51 அல்லது 229.52 தரம் (மெர்சிடிஸின் ஆயில் தர எண்). வேறு தர ஆயிலின் சாம்பல் டிபிஎஃப்பில் தங்கிவிடும், எவ்வளவு எரித்தாலும் போகாது. அடைப்பு முற்றவில்லை என்றால் கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வரை என்எச் 44-இல் 45 கி.மீ. சொச்சத்தை 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் நிறுத்தாமல் ஓட்டினால் பெரும்பாலும் தானே எரித்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் பாருங்கள்: என்ஜின் சூடு 80 டிகிரிக்கு மேல் ஏறவில்லை என்றால் எரிப்பே தொடங்காது. அங்கே குற்றவாளி திறந்தே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்.

212-இல் 2011 வரை வந்த ஓஎம் 651 வண்டிகளில் பியஸோ வகை இன்ஜெக்டர் இருந்தது. அது மிஸ்ஸிங், திடீர் லிம்ப் மோடு (பழுது கண்டதும் வண்டி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் நிலை) என்று தொல்லை கொடுத்ததால் பின்னர் மேக்னட் வகைக்கு மாற்றினார்கள். பழைய வண்டி வாங்கும்போது மாற்றியதற்கான பில் இருக்கிறதா என்று கேளுங்கள். வகை மாறும்போது கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரும் மாற வேண்டும், ஒன்றை மட்டும் வாங்கிப் போட்டால் ஓடாது.

வி6 ஓஎம் 642-இல் காரணம் விசித்திரமானது. டர்போவுக்குள் காற்று நுழையும் வாயில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அது தளர்ந்தால் ஆயில் துளித்துளியாகக் கீழே உள்ள இன்டேக் ஃபிளாப் மோட்டார் (காற்று நுழையும் மடல்களை அசைப்பது) மீது விழும். மோட்டார் செத்து வண்டி லிம்ப் மோடுக்குப் போகும். மோட்டாரை மட்டும் மாற்றி சீலை விட்டால் புது மோட்டாரும் அதே வழியில் போகும். இதே என்ஜினில் கியர்பாக்ஸ் முகப்பில் ஆயில் சொட்டினால் பின் கிராங்க் சீல் என்று சொல்லி கியர்பாக்ஸை இறக்கிவிடுவார்கள். பெரும்பாலும் 'வி' நடுவில் இருக்கும் ஆயில் கூலரின் சீல்தான் கசிந்து பின்னால் ஓடி வருகிறது. மேலிருந்து விளக்கடித்து அந்தப் பள்ளத்தில் ஆயில் தேங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சீல் விலை சொற்பம், ஆனால் டர்போ வரை கழற்ற வேண்டியிருப்பதால் கூலி பெரிது. கழற்றும்போதே மேலே சொன்ன டர்போ வாய் சீலையும் சேர்த்து மாற்றுங்கள்.

கியர் மாறவில்லை, ஒரே கியரில் நிற்கிறது

என்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகி, சிறிது நேரத்தில் திரும்ப வந்தால் மின் பக்கக் கோளாறு. கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டாம்.

211-இன் 4 சிலிண்டர் டீசலில் இருப்பது 722.6 என்ற எண் கொண்ட 5 ஸ்பீடு கியர்பாக்ஸ். கியர்பாக்ஸின் வலப்பக்கத்தில் வயர் நுழையும் 13 பின் உருண்டை பிளக்கில் உள்ள ஓ-ரிங் காய்ந்தால், ஆயில் வயருக்குள்ளேயே ஊறி மேலே கன்ட்ரோல் மாட்யூல் வரை போகும். மாட்யூல் பிளக்கைக் கழற்றி விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. பிளக் மலிவானது. வயரிலும் மாட்யூலிலும் ஊறிய ஆயிலைக் கிளீனர் போட்டு முழுதாக எடுக்க வேண்டும்.

212-இன் 7 ஸ்பீடு 722.9-இல் கன்ட்ரோல் மாட்யூல் கியர்பாக்ஸுக்குள்ளேயே ஆயிலில் முங்கிக் கிடக்கிறது. அதில் உள்ள வேக சென்சார் போனால் லிம்ப் மோடு. பழைய மாட்யூலை வாங்கிப் போட்டால் வேலை செய்யாது, அது முந்தைய வண்டியின் அடையாளத்தோடு பூட்டப்பட்டிருக்கும்.

ஆயில் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 722.6-க்கும் பழைய 722.9-க்கும் எம்பி 236.14, சிவப்பு. 7ஜி-டிரானிக் பிளஸ் என்ற மேம்படுத்திய 722.9 வந்த பிறகு 236.15, நீலம். 213-இன் 9 ஸ்பீடுக்கு 236.17. ஒன்றுக்கொன்று கலக்கக் கூடாது. 722.9-இல் டிப்ஸ்டிக் கிடையாது. ஆயில் சுமார் 45 டிகிரியில் இருக்கும்போது, என்ஜின் ஓட, அடியில் உள்ள துளை வழியே வழிந்து நிற்பதுதான் சரியான அளவு. ஸ்கேனரில் வெப்பநிலை பார்க்காமல் ஊற்றினால் அளவு நிச்சயம் தப்பும்.

ஆரம்ப கால 211-இல் 40 முதல் 80 கி.மீ. வேகத்தில், சாலையோர வரிக்கட்டின் மேல் ஓடுவது போல 'கடகட' என்று அதிர்ந்தால், ரேடியேட்டருக்குள் கூலன்ட்டும் கியர் ஆயிலும் கலந்திருக்கிறதா என்று உடனே டெஸ்ட் செய்யுங்கள். கலந்திருந்தால் ரேடியேட்டரை முதலில் மாற்றி, பிறகு கியர் ஆயிலைப் பலமுறை கழுவ வேண்டும். தாமதித்தால் கியர்பாக்ஸே போகும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் சத்தம்

ஓஎம் 651-இல் ஓரிரு விநாடி 'சலசல' என்று உலோகச் சத்தம் வந்து அடங்கினால் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைச் சந்தேகியுங்கள். இந்த என்ஜினில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால், செயின் வரை போனால் வேலை பெரிது. டென்ஷனரோடு முடித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். 1796 சிசி பெட்ரோல் வண்டியிலும் இதே சத்தம் வரும். அங்கே செயினோடு கேம் அட்ஜஸ்டர் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

'சஃப் சஃப்' என்று மூச்சு விடுவது போலக் கேட்டு, கேபினுக்குள் புகை நாற்றம் வந்தால் இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செம்பு வாஷர் கசிகிறது. விட்டுவிட்டால் தார் போல இறுகி இன்ஜெக்டரே கழலாது. வாஷரும் அதைப் பிடிக்கும் போல்ட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் போட வேண்டும், உட்காரும் இடத்தைச் சீவிச் சுத்தம் செய்யாமல் போட்டால் பயனில்லை.

சூடு ஏறுகிறது, கூலன்ட் குறைகிறது

போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் இரு மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். ரேடியேட்டரைக் கொல்வது அதோடு வரும் உப்பும் சுண்ணாம்பும். டிஸ்டில்டு வாட்டரும் மெர்சிடிஸ் ஒப்புதல் உள்ள கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. வழியில் வேறு வழியே இல்லாமல் ஊற்றிவிட்டால், ஊர் வந்ததும் முழுதாக இறக்கிக் கழுவிவிடுங்கள்.

கீழே ஒரு சொட்டுகூட இல்லாமல் கூலன்ட் குறைந்தால், ஓஎம் 651-இல் வாட்டர் பம்புக்குப் போகும் வேக்குவம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் பம்பு சீல் போய்விட்டது. ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டென்சரில் கிரானைட் குவாரித் தூசியும் பூச்சியும் அடைத்திருந்தாலும் மேடேறும்போது மட்டும் சூடு ஏறும். உட்பக்கமிருந்து வெளியே நோக்கி, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

இதே அடைப்பு ஏசியையும் குறைக்கும். ஒரு பக்கம் குளிர்ச்சி, மறுபக்கம் வெப்பம் என்றால் 211-இல் ஹீட்டர் வால்வு சிக்கியிருக்கலாம், அல்லது கேஸ் குறைவு. கேஸை எடை போட்டு, பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குக்கே நிரப்ப வேண்டும். கேஜ் பார்த்து உத்தேசமாக நிரப்புவது இந்த வண்டிக்கு ஆகாது.

பிரேக்

2006-க்கு முந்தைய 211-இல் எஸ்பிசி என்ற மின் பிரேக் இருக்கிறது. பெடல் நேரடியாக பிரேக்கை அழுத்தாது. பம்பும் கம்ப்யூட்டரும் அழுத்தும். சிவப்பு எச்சரிக்கை வந்து பெடல் ஆழமாக இறங்கினால் வண்டி மாற்று நிலைக்குப் போய்விட்டது என்று பொருள். முன் சக்கர பிரேக் மட்டும், அதுவும் பலமாக மிதித்தால்தான் பிடிக்கும். அந்த நிலையில் ஓட்டவே கூடாது, லாரியில் ஏற்றுங்கள். பேடு மாற்றும் மெக்கானிக்கிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: ஸ்கேனரால் எஸ்பிசியை அணைக்காமல் காலிப்பரில் கை வைக்கக் கூடாது. கதவைத் திறந்தாலே, ரிமோட்டை அமுக்கினாலே சிஸ்டம் விழித்து அழுத்தம் கொடுக்கும், விரல் நசுங்கிவிடும். 2006 ஃபேஸ்லிஃப்டில் சாதாரண ஹைட்ராலிக் பிரேக்குக்குத் திரும்பிவிட்டார்கள். வாங்கப் போகிறவர்களுக்கு 2006-க்குப் பிந்தைய 211-ஐத்தான் பரிந்துரைப்போம்.

எல்லாத் தலைமுறைக்கும் சோதனைக்களம் தொப்பூர் கணவாய்தான். சேலம் நோக்கி இறங்கும்போது பெடல் பஞ்சு போல மெத்தென்று ஆனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஈரம் உறிஞ்சிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டாட் 4 பிளஸ் மாற்ற வேண்டும். பெடல் கல் போல இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடு சூடேறிப் பிடிப்பு இழந்துவிட்டது. ஸ்டியரிங் உதறினால் டிஸ்க் சீரற்றுத் தேய்ந்திருக்கிறது. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே ஸ்டியரிங் பின்னால் உள்ள கியர் பட்டையால் அல்லது லீவரால் கியரைக் குறைத்து, 3-லோ 4-லோ பிடித்து இறக்குங்கள். கீழே வந்ததும் பெடலை அழுத்தியபடியே நிற்காமல் கொஞ்ச தூரம் மெதுவாக உருளவிடுங்கள், டிஸ்க் சீராக ஆறும்.

காலையில் ஒரு மூலை உட்கார்ந்திருக்கிறது

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்கு மட்டும். இரவு நிறுத்தியதும் சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையும் அளந்து எழுதுங்கள். காலையில் மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் வண்டியைத் தாங்கும் அந்தக் காற்றுப் பை அல்லது அதன் குழாய் முனை. சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். அச்சின் இரு பக்கமும் சேர்ந்து இறங்கினால் காற்றைப் பிரித்தனுப்பும் வால்வு பிளாக். கசிவை விட்டுவிட்டு ஓட்டினால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி எரியும். கம்ப்ரஸர் மாற்றினால் ரிலேயையும் மாற்றுங்கள், ஒட்டிக்கொண்ட பழைய ரிலே புது கம்ப்ரஸரையும் எரித்துவிடும். ஜாக்கி மட்டும் வைத்து இந்த வண்டிக்கு அடியில் யாரையும் நுழைய விடாதீர்கள். காற்று இறங்கினால் வண்டி எச்சரிக்காமல் உட்காரும், ஸ்டாண்ட் கட்டாயம்.

'இத்தனை கி.மீ.-க்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாது'

பிஎஸ் 6 டீசலில் ஆட்புளூ தீரும்போதோ, தரம் கெடும்போதோ வரும் எச்சரிக்கை. கணக்கு பூஜ்யமாகும் வரை விடாதீர்கள், அதற்குப் பிறகு அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஆட்புளூ என்பது 32.5 சதவீத யூரியாக் கரைசல், கேனில் ஐஎஸ்ஓ 22241 என்று இருக்க வேண்டும். உரக்கடை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம் நாட்டு உர யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசியது. அது ஊசியையும் வினையூக்கியையும் அடைத்துவிடும். டேங்க் நிரப்பியும் எச்சரிக்கை போகவில்லை என்றால், சாவி போட்டு ஒரு நிமிடம் விட்டு, சில கி.மீ. ஓட்டிப் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால் நாக்ஸ் சென்சார் (புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பது) கோடு இருக்கிறதா என்று ஸ்கேன் செய்த பிறகுதான் டேங்கைக் கழற்ற விட வேண்டும்.